ஆறு வருஷமாக இடுப்பில் கிடக்கும் தோல்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில், ரோடியோ என்ற கவ்பாய் விளையாட்டுத் திருவிழா தொடங்குவதற்கு முன் வரும் வெள்ளிக்கிழமைக்கு 'கோ டெக்சன் டே' என்று பெயர். அன்று பள்ளிக்கூடம், வங்கி, அலுவலகம் எங்கே போனாலும் பூட்ஸும் தொப்பியுமாக ஆட்கள் திரிவார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து குதிரையிலும் வண்டியிலும் கிளம்பிய கூட்டங்கள் ஊருக்குள் வந்து சேரும் நாளும் அதுதான். இந்த ஊர்வலங்களில் பழையதான சால்ட் கிராஸ் சவாரி 1952இல் நாலே பேரோடு ஆரம்பித்ததாம்.

2019இல் நானும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம் என்று அகலமான பெல்ட் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கிள் ஓரத்தில் மேல்பூச்சு பொருக்காக உரிந்து, உள்ளே அட்டை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. தோல் தூளைப் பசையில் குழைத்து அழுத்திய சரக்கு. அன்றைக்கு வந்த எரிச்சலில்தான் நானே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். இதுவரை இரண்டு பெல்ட், ஒரு பர்ஸ், சாவி உறைகள் கொஞ்சம், ஒரு வெஸ்ட் (கையில்லாத மேல்சட்டை), நண்பர் ஒருவருக்காக ஒரு ஜோடி சிங்க்ஸ் (பேன்ட்டின் மேல் கட்டும் தோல் உறை). எல்லாம் புழக்கத்தில் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதை எழுதி வைக்கிறேன். செய்முறைக்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. செய்து முடித்த சாமான் நாலு வருஷம் கழித்து என்ன ஆனது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் தோல். பூவேலை செதுக்க வேண்டுமென்றால் தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். குரோமியத்தில் பதனிட்டது மெத்தென்று இருக்கும். நனைத்து அச்சை அடித்தால் கொஞ்ச நேரம் பள்ளம் தெரியும், அப்புறம் பழையபடி எழும்பிவிடும். இங்கே கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பெல்ட்டுக்கு 8 முதல் 10 அவுன்ஸ் வரை, பர்ஸின் உள்மடிப்புக்கு 2 அல்லது 3.

முதல் பெல்ட்டை மலிவான தோள்பட்டைத் தோலில் செய்தேன். இரண்டாவதை செயின்ட் லூயிஸில் 1881இல் தொடங்கிய ஹெர்மன் ஓக் என்ற பதனிடும் ஆலையின் தோலில். விலை இரண்டு மடங்குக்கு மேல். அன்றைக்கு வயிறு எரிந்தது. ஆறு வருஷம் கழித்து இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கிறேன். மலிவானது ஒரே பக்கமாக வாழைப்பழம் போல வளைந்துவிட்டது, ஓட்டைகள் நீண்டு கண்ணீர்த்துளி வடிவத்துக்கு வந்துவிட்டன, செதுக்கிய பூவின் விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது. மற்றது இடுப்பு வடிவத்துக்கு வளைந்ததோடு சரி. நிறம் தேனிலிருந்து நன்றாகப் பழுத்த புளிக்கு வந்திருக்கிறது, இதழ் ஓரம் இன்னும் விரலில் நெருடுகிறது. கருவிக்குக் கொட்டிய பணத்தில் பாதியைத் தோலுக்குப் போட்டிருந்தால் முதல் பெல்ட்டும் இப்படியே இருந்திருக்கும்.

இதே முதல் பெல்ட்டில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பேன்ட் அளவு 34, அதனால் பெல்ட்டும் 34 என்று வெட்டிவிட்டேன். குட்டையாகிவிட்டது. நுனிப் பக்கம் அவசரமாக ஒரு ஓட்டை போட்டுச் சமாளிக்க வேண்டியதாயிற்று. பழைய பெல்ட் ஒன்றை எடுத்து, பக்கிள் மடிப்பிலிருந்து நாம் மாட்டும் ஓட்டை வரை அளப்பதுதான் வழி. இன்னொன்று, ஈரத் தோலில் அச்சு அடிக்க அடிக்கத் தோல் நீளும். பின்பக்கம் பார்சல் ஒட்டும் டேப்பை ஒட்டிவிட்டு வேலை செய்தால் அவ்வளவாக நீளாது.

நான் செதுக்குவது ஷெரிடன் பாணி. வயோமிங் மாநிலத்து ஷெரிடன் ஊரில், சேணம் செய்துவந்த டான் கிங் பிரபலப்படுத்தியது. சின்னச் சின்னப் பூக்கள், அவற்றைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஓடும் கொடிகள். பார்க்கும்போது நம் சிக்குக் கோலத்தை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி கொடி ஓட வேண்டும். கோலத்தில் கை பழகியிருந்தும் எனக்கு ஒழுங்கான ஒரு வட்டம் விழ ஒரு வருஷம் ஆனது.

அந்த ஒரு வருஷத்தில் கற்றதில் முக்கால்வாசி ஈரத்தைப் பற்றித்தான். தோலை நனைத்த உடனே வெட்டினால் கத்தி சேற்றில் போவது போலப் போகும், வெட்டு மூடிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெட்டினால் கத்தி இழுக்கும், அச்சும் பதியாது. நனைத்துப் பையில் போட்டு ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் வெளியே எடுத்துக் காத்திருக்க வேண்டும். நிறம் காய்ந்த தோலின் நிறத்துக்குத் திரும்பிவரும். கன்னத்தில் வைத்தால் மட்டும் சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் சுழல்கத்தியை வைத்தால் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். வெட்டின் ஓரத்தைச் சரிவாக அமுக்கும் அச்சான பெவலரை வெட்டின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டும்போது, அடி விழுந்த இடம் மட்டும் காப்பிப் பொடி நிறத்தில் கறுக்கும். அந்தக் கறுப்பு வந்தால் ஈரம் சரி என்று அர்த்தம். அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே சில நாள் வேலை செய்திருக்கிறேன்.

கருவிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் வாங்கிய ஆரம்பக்காரர் பெட்டியில் இன்னும் புழங்குவது மூன்றே அச்சுகள். கத்தியை மட்டும் நல்லதாக வாங்கி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாலீஷ் பூசிய அட்டையில் தேய்த்துக்கொள்ளுங்கள். அடியில் வைக்க உடைந்த சமையல்மேடைக் கிரானைட் துண்டு போதும். இரும்புச் சுத்தியல் மட்டும் வேண்டாம், அச்சின் தலை மொட்டையாகிவிடும்.

(கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு தகவல். இந்தச் சாமான்கள் விற்கும் டேண்டி நிறுவனம் 1919இல் ஃபோர்ட் வொர்த்தில் தோல் வியாபாரமாகத் தொடங்கியது. 1963இல் ரேடியோ ஷாக் என்ற மின்னணுச் சாமான் கடைகளை வாங்கினார்கள், 1977இல் டி.ஆர்.எஸ்-80 கம்ப்யூட்டர் வந்தது. அந்த முதல் 'டி' இந்த டேண்டிதான்.)

அடுத்தது கறுப்பு. இதில் எனக்கு நல்ல அடி விழுந்தது. முதல் பெல்ட்டுக்கு ஸ்பிரிட் சாயம் பூசி, மேலே அக்ரிலிக் பூச்சும் போட்டு முடித்தேன். ஹூஸ்டன் வெயிலில் இரண்டு மணி நேரம். வெளிர் நிறப் பேன்ட்டின் இடுப்பைச் சுற்றி கருநீல வளையம். அக்ரிலிக்கைத் தடிப்பாகப் பூசியதால் மடங்கும் இடத்தில் அது விரிசலும் விட்டது. சாயம் போட்ட பிறகு, துணியில் ஒட்டுவது நிற்கும் வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த முறை கறுப்பு வேண்டியபோது, சேணம் செய்கிறவர்களின் பழைய வழிக்குப் போனேன். 'வினிகரூன்' என்பார்கள். எண்ணெய்ப்பசை போகக் கழுவிய இரும்பு நார்ப் பஞ்சை வெள்ளை வினிகரில் போட்டு, மூடியை இறுக்காமல் இரண்டு வாரம் விட வேண்டும். வாயு வெளியேற வழி வேண்டுமே. அதை வடிகட்டி எடுத்த நீர் பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். தோலில் தடவினால் கண்ணெதிரே சாம்பலாகி, ஊதாவாகி, கறுப்பாகிறது. பதனிடும்போது பட்டைச் சாற்றிலிருந்து தோலில் ஏறிய டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு இது, மேலே பூசியது இல்லை, அதனால் பேன்ட்டில் ஒட்டாது. முதலில் கெட்டியான டீ டிகாக்ஷனைத் தடவிக்கொண்டால் இன்னும் ஆழமாக இறங்கும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு எண்ணெய் போட வேண்டும்.

கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே சங்கதிதான். கடுக்காயில் தோய்த்த துணி, அதன் மேல் இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். கலம்காரி தீட்டும் கருப்பூர்க்காரர் ஒருவர் என் கேரேஜுக்கு வந்தால் அந்த ஜாடியை முகர்ந்தே என்னவென்று சொல்லிவிடுவார். இதற்கு ஒரு எதிர்ப்பக்கமும் உண்டு. ஈரத் தோலில் இரும்புத் தூள் பட்ட விரலை வைத்தால் நீலக்கறுப்பாக ரேகை பதிந்துவிடும். எலுமிச்சைச் சாறு தடவினால் பெரும்பாலும் போய்விடும்.

2022இல் அம்மா வந்திருந்தபோது கேரேஜ் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் திண்டுக்கல். அங்கே தோல் பதனிடும் பகுதி பேகம்பூர். "பேகம்பூர் தாண்டுறப்போ மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவியேடா. இங்க வந்து காசு குடுத்து வாங்கி வச்சிருக்க?" என்றார். வாடை அதில்லை, இது வேறு என்று சொல்லி முகரக் கொடுத்தேன். வாங்கவில்லை. தோலைத் தொடுகிறவர்களை ஊர் எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவரும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. கிளம்பும்போது பீரோ சாவிக்கு ஓர் உறை கேட்டு வாங்கிப் போனார். பூ வேண்டாம், மாங்காய் போடு என்றார். இன்னும் புழக்கத்தில் இருக்கிறதாம்.

பராமரிப்பில் ஹூஸ்டனின் புழுக்கம்தான் எதிரி. பர்ஸை அலமாரியில் ஒரு கோடைகாலம் மறந்துவிட்டேன். எடுத்தபோது பச்சை பூத்துக் கிடந்தது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நிழலில் உலர்த்தினேன். போய்விட்டது, ஆனால் அந்த இடத்தில் மங்கலான புள்ளிகள் மிச்சம். மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை வருஷத்துக்கு இரண்டு முறை, மெல்லிசாக. ஆசைப்பட்டு ஊற்றினால் தோல் தொளதொளவென்று ஆகி, செதுக்கலும் அமுங்கிப்போகும்.

தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் போடும் சேணத் தையல். பர்ஸின் மூலையில் ஓர் இழை தேய்ந்து அறுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, பக்கத்துத் தையல் ஒன்றுகூட நெகிழவில்லை. பக்கிளை மாட்டும் திருகுகள்தான் கழுத்தறுத்தன. நடக்க நடக்கத் தானாகக் கழன்றுவிடும். ஒன்று விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை வரிசையில், பெல்ட்டைக் கழற்றும்போது, தட்டில் விழுந்து உருண்டது. மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு முறுக்கிய பிறகு இதுவரை தொல்லையில்லை.

இனி உடுப்பு. வெஸ்ட் ஒரு தோல்வி. சாமான் செய்யும் தோலிலேயே உடுப்பும் செய்யலாம் என்று நினைத்து, பட்டைச் சாற்றில் பதனிட்ட 4 அவுன்ஸ் தோலில் வெட்டினேன். போட்டுக்கொண்டால் ஆமை மாதிரி இருக்கிறது. உட்கார்ந்தால் கழுத்துப் பக்கம் காது வரை ஏறுகிறது. மூன்றே முறை போட்டேன். உடம்போடு அசைய வேண்டியதற்கு, குரோமியத்தில் பதனிட்ட மெத்தென்ற மான்தோலோ பன்றித்தோலோ எடுத்திருக்க வேண்டும். முதலில் பழைய துணியில் வெட்டித் தைத்துப் பார்த்திருக்கவும் வேண்டும். எந்தத் தையல்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அந்தப் பாடத்தை வைத்துத்தான் சிங்க்ஸ் செய்தேன். குதிரைக்காரர்கள் பேன்ட்டின் மேல் கட்டும் 'சாப்ஸ்' கணுக்கால் வரை வரும். சிங்க்ஸ் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே குஞ்சத்தோடு நின்றுவிடும். வெக்கைக்கு அதுதான் தோது. அலுவலக நண்பர் ஒருவர் வருஷா வருஷம் சவாரியில் வருகிறவர், அவருக்காகச் செய்தது. எண்ணெய் ஊறிய மெத்தென்ற 5 அவுன்ஸ் தோல், இடுப்புப் பட்டையில் மட்டும் தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் பூவேலை. மூன்று வருஷம் மழை, முள், குதிரை வியர்வை எல்லாம் பார்த்துவிட்டது. குஞ்சத்தில் நாலைந்து இழை போயிருக்கிறது. தொடைப் பக்கம் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. மற்றபடி பழுதில்லை.

போன மாதம் அதை ரிப்பேருக்கு என்று கொண்டுவந்தார். முன்பக்கம் இரண்டு பட்டையையும் சேர்க்கும் தோல்நாடா அறுந்துவிட்டதாம், "இதுகூட நிற்கவில்லையே" என்றார். எங்கே எப்படி அறுந்தது என்று கேட்டேன். குதிரை திடீரென்று தலையைக் குனிந்தபோது இவர் முன்னால் சாய்ந்து, நாடா சேணத்தின் முன்னால் நீட்டி நிற்கும் கொம்பில் மாட்டிக்கொண்டதாம். அதற்காகவே அந்த இடத்தில் வேண்டுமென்றே மெல்லிய நாடா போடுவது. அது அறுந்ததால்தான் அவர் கொம்பில் தொங்காமல் தப்பித்தார். அவரோ அறுந்த இடத்தில் பாராசூட் கயிற்றை இரண்டு மடிப்பாகப் போட்டு முடிச்சிட்டிருந்தார். வெட்டி எறிந்துவிட்டு, பழையபடி மெல்லிய நாடாவையே கோத்துக் கொடுத்தேன். கையோடு இன்னும் மூன்று நாடா வெட்டிச் சட்டைப்பையில் போட்டு அனுப்பினேன்.