பெயர் அழிந்த கயாக்

பழையதாக நான் வாங்கிய ஃபைபர்கிளாஸ் கயாக்கில் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) முத்திரை இருந்த இடத்தில் பசைத் தழும்பு மட்டுமே எஞ்சியிருந்தது. தயாரித்தவர் யாரென்று விற்றவருக்கும் தெரியவில்லை. அமெரிக்கத் தயாரிப்புப் படகுகளுக்கு 1972 முதல் கட்டாயமான எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட அடையாள வரிசை, பின்முனையின் வலப்பக்கத்தில், பிற்காலத்தில் யாரோ அடித்த பெயின்டுக்கு அடியில் மங்கிக் கிடந்தது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது தெளிந்த முதல் மூன்று எழுத்துகளை அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் பட்டியலில் தேடியதும் நிறுவனத்தின் பெயர் கிடைத்தது.

படகும் ஏமாற்றவில்லை: உட்புறக் கண்ணாடியிழை நெசவு சீராக இருக்கிறது, துடுப்பு போட்டால் நேராகச் செல்கிறது. மேல்தளமும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு நீர் கசிவதுதான் குறை. அதை எப்பாக்ஸி பிசின் கொண்டு அடைத்துக்கொள்ளலாம்.