உறைநிலையில் வரும் டோபமின் நியூரான்கள்: பூச்சிமருந்துச் சோதனைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் இந்த நியூரான்கள் சாகவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த ரசாயனத்துக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் செல் வளர்ப்பதுதான் என் வேலை. பூச்சிமருந்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பைச் சோதிக்க, ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய நடுமூளை டோபமின் நியூரான்களை, அதாவது அந்த நோயில் அழிந்துபோகும் நரம்புச் செல்களை, விலைக்கு வாங்குகிறோம். ஒருவருடைய தோல் செல்லையோ ரத்தச் செல்லையோ எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஐபிஎஸ் என்ற ஸ்டெம் செல்லாக மாற்றி (2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா எலியில் செய்து காட்டிய வழி), அதை நியூரானாக வளர்த்து, உறையவைத்துக் குப்பியில் அனுப்புகிறார்கள். ஐபிஎஸ் செல்லிலிருந்து நாமே தொடங்கினால் வாரக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொரு தடவையும் விளைச்சல் ஒவ்வொரு விதமாக இருக்கும். விலை அதிகம்தான். ஆனாலும் அந்த வாரங்கள் மிச்சமாவது பெரிய விஷயம்.

கையாள்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து 37 டிகிரி தண்ணீரில் உருக்கி, லாமினின் (செல் ஒட்டிக்கொள்ள உதவும் புரதம்) பூசிய தட்டில் மெதுவாக விட வேண்டும். நன்றாக இருக்கும் குப்பி என்றால் மறுநாளே ஒட்டிக்கொண்டு இழை விடத் தொடங்கும். செல்களுக்கு உணவான வளர்ப்புத் திரவத்தை முழுதாக உறிஞ்சி எடுத்தால் நியூரான்கள் பாய் சுருட்டுவதுபோல உரிந்து வந்துவிடும், அதனால் பாதிப் பாதியாகவே மாற்றுங்கள். 96 குழித் தட்டில் ஓரக் குழிகளில் ஈரம் வற்றும். அங்கே சோதனை வைக்க வேண்டாம். இவை பிரிந்து பெருகாத செல்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒவ்வொரு பேட்சிலும் டோபமின் தயாரிக்கும் நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேஸைக் காட்டும் சாயமிட்டு, டோபமின் நியூரான்கள் உண்மையில் எத்தனை சதவீதம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கூடவே இந்த நியூரான்களைக் கொல்லும் என்று தெரிந்த பூச்சிமருந்தான ரோட்டினோனும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் அந்த மருந்துக்கே அசையாத தட்டை வைத்து வேறு எதையும் சோதிப்பதில் பயனில்லை.

இந்த முறையால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு 2023-ல் யுசிஎல்ஏ, ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். எந்த நிலத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதற்குக் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுப் பதிவேடு இருக்கிறது. அதை வைத்து 288 மருந்துகளை அலசி, 53 மருந்துகளுக்குப் பார்க்கின்சனோடு தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அந்த நோயோடு தொடர்புடையவற்றில் 39-ஐ நோயாளியின் ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த டோபமின் நியூரான்கள் மேல் விட்டபோது, 10 மருந்துகள் நேரடியாகவே நஞ்சாக இருந்தன. எண்டோசல்ஃபான், டைகோஃபால், களைக்கொல்லி டிரைஃப்ளூரலின் அதில் உண்டு. போர்டோ கலவைக்கு நம்மவர்கள் வாங்கும் மயில்துத்தமும் உண்டு. என்னை உலுக்கியது வேறொன்று: பருத்திக்குச் சேர்த்து அடிக்கும் மருந்துகளை ஒன்றாக விட்டபோது, தனித்தனியாக விட்டதைவிட நஞ்சு கூடியது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரே டேங்கில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். ஒவ்வொரு மருந்தாகச் சோதித்து அனுமதி கொடுக்கும் முறை அவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்தக் குப்பியை வாங்குகிறவர்கள் தயவுசெய்து கலவைகளையும் சோதியுங்கள்.

இனி குறை. 1982-ல் இதே கலிபோர்னியாவில், எம்பிடிபி என்ற ரசாயனம் கலந்த போலி ஹெராயினை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களிலேயே பார்க்கின்சன் நோயாளிபோல உறைந்துபோனார்கள். பார்க்கின்சன் ஆராய்ச்சியையே திருப்பிப் போட்ட நஞ்சு அது. ஆனால் எம்பிடிபி தானாகக் கொல்வதில்லை. மூளையில் நியூரான்களைச் சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்களில் உள்ள ஒரு நொதி அதை எம்பிபி பிளஸ் என்ற நஞ்சாக மாற்றிய பிறகுதான் கொல்லும். தனி நியூரான் மட்டும் உள்ள தட்டில் எம்பிடிபியை விட்டால், அநேகமாகப் பெரிதாக ஒன்றும் நடக்காது. அவ்வளவு பெரிய நஞ்சே தப்பித்துப் போகும் தட்டு இது. கல்லீரல் மாற்றிய பிறகே நஞ்சாகும் பொருள்களும் இப்படியே தப்பித்துவிடும். டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களோ மூடி போட்ட தட்டிலிருந்தும் ஆவியாகிப் போய்விடும். இன்னொன்று, இவை வயதில் கருவின் நியூரான்களுக்குத்தான் நெருக்கமானவை. முப்பது வருடம் மருந்தடித்த அறுபது வயது விவசாயியின் மூளையை இரண்டு வாரத் தட்டில் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே ஆஸ்ட்ரோசைட்டையும் சேர்த்து வளர்க்க வசதி இருந்தால் இதை வாங்குங்கள். முதல்கட்டமாக நூற்றுக்கணக்கான ரசாயனங்களைச் சலிக்க வேண்டுமென்றால் லூமெஸ் செல்லே (மனிதக் கருவின் நடுமூளையிலிருந்து உருவாக்கிய, ஆய்வகத்தில் பெருக்கிக்கொள்ளக்கூடிய செல்) போதும், செலவும் குறைவு. அதில் சிக்கியவற்றை மட்டும் இதற்குக் கொண்டுவரலாம். ஆர்டர் போடும்போது மொத்தச் சோதனைக்கும் தேவையான குப்பிகளை ஒரே பேட்சில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒதுக்கித் தருவார்கள்.