ஃபைகா கேள்வித்தாள்: கொழும்பில் வேலைக்கு ஆகுமா?

அமெரிக்க வைத்தியர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996 இல் உருவாக்கிய ஃபைகா, ஒருவரின் ஆன்மிகத் தேவையை அறியும் நான்கு படிக் கேள்வித்தாள். நம்பிக்கை, வாழ்க்கையில் அதற்குள்ள இடம், துணை நிற்கும் சமூகம், பராமரிப்பில் அதை எப்படிச் சேர்ப்பது. இவ்வளவுதான். வைத்தியர்களுக்காக வந்தது என்றாலும் சமூக சேவை நிறுவனங்களுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

முதற் படியில் சறுக்குவது சுலபம். “நீங்கள் என்ன சமயம்?” என்றால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும், பேச்சும் அத்தோடு நின்றுவிடும். “மனம் உடைஞ்சு போற நேரம் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க, அம்மா?” என்று கேளுங்கள். நேர்த்தி, விரதம், தொழுகை, இறந்த பிள்ளையின் படம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் உண்டு. சமயத்துக்கு ஒரே கட்டம் வைத்த படிவம் இந்த ஊருக்குப் போதாது.

மூன்றாம் படியை உறவினரை வெளியே இருத்திவிட்டுக் கேட்பதே முறை. சபையோ ஜமாஅத்தோ ஒதுக்கிவைத்த வேதனையை மகன் முன்னால் சொல்ல மனம் வராது.

பெரிய குறை நான்காம் படியில். குருக்களையோ மௌலவியையோ பிக்குவையோ யார் சம்மதத்தோடு அழைப்பது, பதில்கள் எந்தக் கோவையில் இருக்கும், அதை யார் பார்க்கலாம் என்பதையெல்லாம் நிறுவனமே எழுதிவைக்க வேண்டும். பணியாளர் தன் சமயத்தைப் பரப்பக் கூடாது என்பதும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த விதிகள் தயாராகும்வரை படிவத்தைக் களத்துக்குக் கொடுக்காதீர்கள்.