பச்சை விளக்கைக் காட்டிப் பராமரிப்புப் பணம் வாங்குகிறார்கள்

எங்கள் தணிக்கை அலுவலகத்தின் கோப்புகள் அனைத்தும், நான்கு ஹார்ட் டிஸ்குகளை ரெய்டு 5 முறையில் இணைத்த ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியே பல கணினிகள் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டியில்) இருந்தன. அதைப் பொருத்தியதோடு, நெட்வொர்க் வழியே கண்காணித்துக் கோளாறு என்றால் உடனே மின்னஞ்சல் வரச் செய்வதாகவும் கூறி, ஓராண்டுப் பராமரிப்புத் தொகையை ஒரு நிறுவனம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது.

ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் பழுதானால் தரவு தப்பிவிடும். புது டிஸ்க்கை மாட்டி அது மறுபடி நிரம்பி முடிவதற்குள் இன்னொன்றும் போனால் தப்பாது. எனவே முதல் டிஸ்க் போன உடனே வரும் எச்சரிக்கைக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். எங்களுக்கு அது வரவே இல்லை. இரண்டாவது டிஸ்க்கும் போய்க் கோப்புகள் திறக்க மறுத்த பிறகு பெட்டியின் லாக்கை (நிகழ்வுப் பதிவை) பார்த்தால், முதல் டிஸ்க் பல வாரங்களுக்கு முன்பே பழுதாகியிருந்தது. பெட்டியின் பீப் ஒலியைக்கூட அணைத்து வைத்திருந்தார்கள்.

வேறொரு பொறியாளர் வந்து பார்த்ததில், அவர்களுடைய கண்காணிப்பு மென்பொருள் செய்துவந்தது வெறும் பிங் (பெட்டி நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் சோதனை) மட்டுமே என்று தெரிந்தது. ஒரு டிஸ்க் செத்தாலும் பெட்டி பிங்குக்குப் பதில் சொல்லும் என்பதால் திரையில் எப்போதும் பச்சைதான். எஸ்என்எம்பி டிராப் (கோளாறு நேர்ந்ததும் பெட்டி தானாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி) போகவேண்டிய ஐபி முகவரியோ எங்கள் நெட்வொர்க்கிலேயே இல்லாதது. டிராப்பை அனுப்பும் பெட்டி, அது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பக் கேட்காது என்பதால் பிழைச் செய்தியும் எழவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்ப ஒரு தனிநபர் ஜிமெயில் கணக்கின் வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள். வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு பிற சாதனங்கள் ஜிமெயிலில் நுழையும் அந்த வழியைக் கூகுள் 2022 மே 30 அன்றே மூடிவிட்டது. எங்கள் பெட்டி வந்ததே அதற்குப் பிறகு. சோதனை மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கேட்டதற்கு, "ஒப்பந்தத்தில் கண்காணிப்பு என்றுதான் சார் இருக்கு, பிங்கும் கண்காணிப்புதானே" என்றார் அவர்களுடைய மேலாளர். பணத்தையும் திருப்பித் தரவில்லை.

டிஸ்க் பழுது, வால்யூம் (டிஸ்குகள் சேர்ந்த சேமிப்பிடம்) நிலை, வெப்பம், மின்விசிறி என எவற்றுக்கெல்லாம் எச்சரிக்கை வரும், யாருடைய முகவரிக்கு வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பெட்டியில் தரவை ஏற்றும் முன், அவர்கள் எதிரிலேயே ஒரு டிஸ்க்கை உருவச் சொல்லி, உங்கள் கைப்பேசிக்கு மின்னஞ்சல் வந்த பிறகு பில்லில் கையெழுத்திடுங்கள்.