மேனேஜ்மென்ட் சைடா, தொழிலாளர் பக்கமா, கம்பெனி வேலையா?

தொழிலாளர் சட்டத்தில்தான் பிராக்டிஸ் என்று முடிவோடு வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பக்கம் என்றுதான். சிவிலில் இன்று வாதிக்கு நிற்கலாம், நாளை பிரதிவாதிக்கு நிற்கலாம். லேபரில் அது நடக்காது. சென்னையில் நான்கைந்து வருடம் ஓட்டினாலே ‘இவர் மேனேஜ்மென்ட் சைடு’, ‘அவர் யூனியன் சைடு’ என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது லேசில் போகாது. நான் முதல் மூன்று வருடம் தொழிலாளர் பக்க சேம்பரில் இருந்தேன். பதினெட்டு வருடமாக நிர்வாகத் தரப்பு. மூன்றாவது வழியான கம்பெனி சட்டப் பிரிவில் நான் இருந்ததில்லை. ஆனால் எனக்குக் கேஸ் தருகிறவர்களே அங்கே இருப்பவர்கள்தான், அதனால் அவர்கள் பாடு ஓரளவு தெரியும்.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கம்பெனி வேலையில் மாதச் சம்பளம் முதல் நாளிலிருந்தே வரும். நிர்வாகத் தரப்பில் மெதுவாக ஏறி, பிறகு நிலைக்கும். தொழிலாளர் பக்கத்தில் வேலை போனவரிடம் ஃபீஸ் கேட்க வேண்டும். அது எத்தனை வருடம் ஆனாலும் கூச்சம்தான்.

வேலையின் தன்மையில்தான் வித்தியாசமே. தொழிலாளி வரும்போது ஒரு மஞ்சள் பையோடு வருவார். மடித்து மடித்து ஓரம் கிழிந்த சார்ஜ் மெமோ (கம்பெனி கொடுத்த குற்றச்சாட்டுக் கடிதம்), இரண்டு சம்பள ரசீது, ஒரு ஈ.எஸ்.ஐ. அட்டை, அவ்வளவுதான். மற்ற காகிதமெல்லாம் கம்பெனியிடம் இருக்கும். இருப்பதை வைத்துக் கட்ட வேண்டும், எஞ்சியதைக் குறுக்கு விசாரணையில் பிடுங்க வேண்டும். கையில் நல்ல கருவிகளும் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் தமிழ்நாட்டின் 1981 சட்டம் ஒன்று. தண்டனை அதிகம் என்று பட்டால் நீதிமன்றமே குறைக்கலாம் என்று தொழில் தகராறு சட்டத்தில் 1971-இல் சேர்ந்த 11-ஏ பிரிவு இன்னொன்று. சாட்சியைக் கேள்வி கேட்கும் கலையை அந்த மூன்று வருடத்தில்தான் கற்றேன்.

நிர்வாகத் தரப்பில் காகிதத்துக்குக் குறைவில்லை. பிரச்சினையே காகிதம்தான். ஆரம்ப காலத்தில் வந்த ஒரு கேஸ் இன்னும் நினைவில் இருக்கிறது. சூப்பர்வைசரைத் திட்டினார் என்று ஓர் ஆபரேட்டரை டிஸ்மிஸ் செய்திருந்தார்கள். உள் விசாரணை முடிந்தது மாலை நான்கு மணிக்கு. விசாரணை அதிகாரியின் முடிவான பதினான்கு பக்க ஃபைண்டிங்ஸிலும் அதே தேதி. தண்டனை ஏன் தரக் கூடாது என்று கேட்கும் இரண்டாவது ஷோகாஸ் நோட்டீஸிலும் அதே தேதி. விசாரணைக் குறிப்பு முழுக்க ஆங்கிலம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தொழிலாளியின் கையெழுத்து தமிழில். எங்கள் எச்.ஆர். மேனேஜர் எம்.டபிள்யூ.1 ஆக, அதாவது நிர்வாகத்தின் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாமல் கேட்டார்: “நாலு மணிக்கு மேல் பதினாலு பக்கம் யார் டைப் அடிச்சது?” சாட்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயே கேஸ் முடிந்தது.

விசாரணை முறையாக நடக்கவில்லை என்று முதலில் தீர்மானமானது. குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்கலாம் என்று வாய்ப்பு கிடைத்தது. அதற்குள் அந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போயிருந்தார். மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளம் என்று அவார்டு, அதாவது தீர்ப்பு, வந்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. போனால் அதே தொழில் தகராறு சட்டத்தின் 17-பி பிரிவு இருந்தது: அந்த ரிட் மனு நிலுவையில் இருக்கும்வரை, வேறு வேலையில் இல்லாத தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும். அவர் வீட்டில் இருந்தார், சம்பளம் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் அதில் சந்தோஷமில்லை, அவருக்கும்தான். அவர் கேட்டது வேலையை.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொழில் எனக்குப் புரிந்தது. நிர்வாகத் தரப்பு வக்கீலின் முக்கியமான வேலை டிஸ்மிஸல் ஆர்டரில் கையெழுத்தாவதற்கு முன்னால் இருக்கிறது. “வேண்டாம் சார், இரண்டு இன்கிரிமென்ட்டை நிறுத்துங்கள், ஆளை வைத்துக்கொள்ளுங்கள்” என்று போனில் சொல்லி, அதைக் கேட்க வைப்பது. அப்படிக் காப்பாற்றிய வேலைகள் எந்தத் தீர்ப்பிலும் பதிவாகாது. மனசாட்சி உறுத்தாதா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உறுத்தும் நாட்களும் உண்டு. சொன்னதைக் கேட்காமல் ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அதைக் காக்கச் சொல்லி ஃபைலைக் கொண்டுவரும் நாட்கள் அவை.

சரி, கம்பெனி சட்டப் பிரிவு? அதற்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, வெளியே பேசப்படுவதில்லை. சமரசப் பேச்சுவார்த்தையில் வக்கீல் உட்காரக் கூடாது என்பது 1947 தொழில் தகராறு சட்டத்தின் விதி, அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் பேச்சு நடக்கும்போது நான் வெளியே காத்திருப்பேன். முந்தின இரவு சமரச ஒப்பந்தத்தின் (பழைய சட்டத்தில் 12(3)) வரைவை எழுதிக் கொடுத்ததோடு என் பங்கு முடிந்தது. கம்பெனியின் அதிகாரி என்ற முறையில் சட்டப் பிரிவுக்காரர் உள்ளே இருப்பார். பெரிய தகராறுகள் தீர்வதும் அந்த அறைகளில்தான். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தை முடித்தது பேச்சுவார்த்தைதான்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராகவும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் தேவை. முதலாளிகள் கூட்டமைப்பின் நிர்வாகியாக இருக்கும் வக்கீல் அந்தப் பொறுப்பிலேயே ஆஜராகலாம் என்று 1976-இல் பாராதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் இரு பக்கமும் வக்கீல் வைப்பதால் பெரும்பாலும் தகராறு வருவதில்லை.

கம்பெனி வேலையில் இழப்பதும் சின்னதல்ல. முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பார் கவுன்சில் விதி 49-இன்படி பிராக்டிஸை நிறுத்தி வைக்க வேண்டும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, சம்பளத்தில் இருக்கும் சட்ட அதிகாரிக்கு அப்படியே கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதைவிட, ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம். மேலதிகாரியிடம் அதைச் சொல்வதும் கட்சிக்காரரிடம் சொல்வதும் ஒன்றல்ல.

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. ஆலையில் ஆட்குறைப்பு, மூடலுக்கு அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. வேலை நீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்பும் காலக்கெடு மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. நிர்வாகத்துக்குச் சாதகம் என்று இதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வராதீர்கள். அவசரப்படும் கம்பெனிகள் கூடும், நம் பொறுப்பும் கூடும்.

என் தேர்வு இது. முதல் இரண்டு மூன்று வருடம் தொழிலாளர் பக்க சேம்பர். இரண்டு தரப்பு வக்கீல்களின் அலமாரியிலும் இருக்கிற லேபர் லா ஜர்னலை 1949-இல் தொடங்கிய, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கடராமன், தொழிற்சங்கத்துக்காக நின்ற வக்கீல்தான். அப்புறம் மனம் ஒப்பினால் நிர்வாகத் தரப்பு. கம்பெனி வேலை, பத்துப் பேரையாவது கூண்டில் கேள்வி கேட்ட பிறகு. வீட்டு நிலைமை சம்பளத்தைக் கேட்டால் அது வேறு. அதில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு ஜூனியர், “சார், நிர்வாகத் தரப்பில் எந்த ஆபீஸ் நல்ல ஆபீஸ்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அங்கே போய் ஒரு வாரம் உட்காரச் சொன்னேன். வருகிற ஃபைல்களில் டிஸ்மிஸல் ஆர்டர் போட்ட பின் வருவது எத்தனை, போடுவதற்கு முன் வருவது எத்தனை என்று எண்ணச் சொன்னேன். முன் வருவது அதிகம் இருக்கும் ஆபீஸில் சேரச் சொன்னேன்.