அபேக்கு ஒன்றேகால் மணி நேரம் போதாது

லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஆகஸ்ட் மாதத்தில், மன்னர்கள் முடிசூடும் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயையும் பக்கிங்ஹாம் அரண்மனையையும் ஒரே நாளில் வழிகாட்டியுடன் காட்டும் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் சென்று வந்தோம். அரண்மனையின் அரசவைக் கூடங்கள் பொதுவாகக் கோடைக்காலத்தில்தான் மக்களுக்கு முழுமையாகத் திறக்கப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அபே வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். எனவே, இரண்டையும் உள்ளே சென்று பார்க்க நினைப்பவர்கள் நாளைப் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். பிற மாதங்களில் இதே பெயரில் விற்கப்படும் சில சுற்றுலாக்களில் ‘அரண்மனை’ என்பது இரும்புக் கதவுக்கு வெளியே நின்று எடுக்கும் படம் மட்டுமே என்பதையும் கவனித்துக்கொள்வது நல்லது.

எங்கள் குழுவில் ஏறத்தாழ இருபது பேர் இருந்தோம். வழிகாட்டியாக வந்த அம்மையார் ‘புளூ பேட்ஜ்’ பெற்றவர். நீண்ட பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிறகே கிடைக்கும் தகுதி அது. அதன் மதிப்பு அவர் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்தது. காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கருவிகள்தாம் அவருக்கு ஈடுகொடுக்கவில்லை. என்னுடையது கரகரத்துக்கொண்டே இருந்ததால், பெரும்பாலான நேரம் நான் அவர் தோளருகே ஒட்டி நடக்க வேண்டியதாயிற்று.

அபே என்றால் துறவிமடம். ‘கன்ஃபெசர்’ என்று அழைக்கப்படும் எட்வர்ட் மன்னர் கட்டிய கோயில் 1065 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. சில நாள்களிலேயே அவர் இறந்துபோக, அடுத்த கிறிஸ்துமஸ் அன்று நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியம் அங்கே முடிசூடிக்கொண்டார். இன்று நாம் காண்பது பெரும்பாலும் மூன்றாம் ஹென்றி 1245இல் இடித்துக் கட்டத் தொடங்கிய கட்டடம். பெனடிக்ட் சபைத் துறவிகள் 1540 வரை இங்கே வாழ்ந்தார்கள்; எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் கலைந்தது. இந்த வரலாற்றை வழிகாட்டி சொன்ன இடமும் பொருத்தமானது: துறவிகள் கூடிப் பேசிய எண்கோண மண்டபத்துக்குச் செல்லும் வழியில், 1050களைச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டுள்ள ஒரு பழைய ஓக் மரக் கதவின் முன்னால் எங்களை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் சொன்னார். பிரிட்டனிலேயே மிகப் பழைய கதவு அதுதான் என்று சொல்லாமல் விட்டிருந்தால் ஏதோ சாமான் அறைக் கதவு என்று கடந்துபோயிருப்போம்.

முடிசூட்டு நாற்காலியை நான் பொன்னும் மணியுமாகக் கற்பனை செய்திருந்தேன். 1300ஆம் ஆண்டையொட்டி முதலாம் எட்வர்ட் செய்வித்த அந்த ஓக் மர ஆசனத்தில் பொற்பூச்சு ஆங்காங்கே மங்கலாகத் தெரிகிறது; மற்ற இடங்களில் பெயர்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பக்கத்துப் பள்ளி மாணவர்களும் பார்வையாளர்களும் கத்தியால் செதுக்கிய பெயர்கள். 1800 ஜூலையில் ஓர் இரவு இந்த நாற்காலியில் தூங்கியதாக ஒருவர் தேதியுடன் பொறித்து வைத்திருக்கிறார். நம் ஊர்க் கோயில் தூண்களில் காதலர் பெயர் எழுதுபவர்களைத் திட்டும்போது இனி எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன். நாற்காலியின் அடியிலுள்ள வெற்றிடம் ஸ்காட்லாந்து மன்னர்களின் முடிசூட்டுக் கல்லுக்கானது; 1296இல் அங்கிருந்து எடுத்துவரப்பட்டது அது. அந்தக் கல் 1996இல் ஸ்காட்லாந்துக்கே திரும்பிச் சென்றுவிட்டது. 2023இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டுக்காக மட்டும் மீண்டும் இங்கே கொண்டுவரப்பட்டது.

ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்து விதானம் கல்லில் விரித்த விசிறிகளின் வரிசை. அவற்றின் நடுவே கூம்புக் கற்கள் பிடிமானமின்றித் தொங்குவது போலத் தெரிகின்றன. அதை ஒட்டிய பகுதியில், உயிரோடிருந்தவரை ஒருவரையொருவர் நம்பாத சகோதரிகளான முதலாம் மேரியும் முதலாம் எலிசபெத்தும் ஒரே கல்லறையில் கிடக்கிறார்கள். மேலே படுத்திருக்கும் உருவம் எலிசபெத்துடையது மட்டுமே. மேரிக்குக் கல்வெட்டில் ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. நியூட்டன், டார்வின், ஹாக்கிங், கவிஞர் சாசர் எல்லாம் பத்து நிமிடத்தில் கடந்துபோனார்கள். ஏனெனில் அதற்குள் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

எனக்கு மனக்குறை ஏற்பட்டது அங்கேதான். நான் திருச்சிக்காரன். அபேயின் நடுக்கூடத்தில் மேஜர் ஜெனரல் ஸ்டிரிங்கர் லாரன்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. அதில் திருச்சிராப்பள்ளி நகரின் காட்சி புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களில் திருச்சிக் கோட்டைக்காகக் கம்பெனிப் படையை நடத்தியவர் இந்த லாரன்ஸ். 1752இல் பிரெஞ்சுப் படை சரணடைந்ததும் அவர்களுடைய கூட்டாளியான சந்தா சாகிப் பிடிபட்டுக் கொல்லப்பட்டதும் ஸ்ரீரங்கத்தில்தான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அரசர்கள் துயிலும் மண்டபத்தில், நான் வளர்ந்த ஊர் ஒரு தளபதியின் வெற்றிப் பொருளாகச் சுவரில் பதிந்திருப்பதை எந்த உணர்ச்சியுடன் பார்ப்பது என்று முடிவு செய்வதற்குள், “அனைவரும் வாசலுக்கு வந்துவிடுங்கள், காவலர் மாற்றம் தொடங்கப் போகிறது” என்ற குரல் கரகரப்புடன் காதில் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மலைக்கோட்டையைத் தேடிக்கொண்டிருந்த என்னை மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். அபேக்குக் கிடைத்தது மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்.

அப்படி ஓடிப்போய்ப் பார்த்தது என்ன? செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் ஓரமாக விரைந்து நடந்து அரண்மனை வாசலை அடைந்தபோது, வேலியோரம் ஏற்கெனவே நாலைந்து வரிசை மக்கள் நின்றிருந்தார்கள். பதினொரு மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் நடந்த நிகழ்ச்சியில் நான் கண்டவை கரடித்தோல் தொப்பிகளின் நுனிகளும் பிறர் உயர்த்திப் பிடித்த கைபேசிகளும். வாத்திய இசை நன்றாகக் கேட்டது, அவ்வளவுதான். இந்த முக்கால் மணி நேரத்தை அபேக்குக் கொடுத்திருந்தால் சுற்றுலாவின் தரமே வேறாகியிருக்கும்.

மதிய உணவு கட்டணத்தில் சேர்த்தியில்லை. பூங்காவில் அமர்ந்து மகள் கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டோம். 1664இல் ரஷ்யத் தூதர் பரிசளித்த காலந்தொட்டு அங்கே கூழைக்கடாக்கள் வளர்க்கப்படுகின்றன என்றார் வழிகாட்டி. அவற்றில் ஒன்று எங்கள் டிபன் டப்பாவைச் சற்று அதிக அக்கறையுடன் பார்த்தது.

அரண்மனை வாசலில் வழிகாட்டி விடைபெற்றுக்கொண்டார்; உள்ளே ஒலி வழிகாட்டிக் கருவிதான் துணை. விளம்பரத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் ஜார்ஜ் 1761இல் வாங்கிய மாளிகையை ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் அரண்மனையாக விரித்தார். விக்டோரியா 1837இல் குடிவந்த பிறகே இது அரசரின் இல்லமாயிற்று. வின்சர் கோட்டையில் 1992இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு, அதைச் செப்பனிடும் செலவுக்காகத்தான் அடுத்த ஆண்டு இதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். மொத்தம் 775 அறைகள். அவற்றில் அரசவைக் கூடங்கள் 19. சிவப்புக் கம்பளம், பொன் முலாம், சரவிளக்கு என்று நாலாவது கூடத்திலேயே கண் சலித்துவிடுகிறது. எனக்குப் பிடித்தவை இரண்டு: வெள்ளை வரவேற்பறையில் நிலைக்கண்ணாடியும் அலமாரியும் சேர்ந்தே திறக்கும் ரகசியக் கதவு; நடனக் கூடத்தில் சிம்மாசனங்களின் மேலிருக்கும் வெல்வெட் விதானம். 1911 தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜுக்காகப் பயன்பட்ட ஷாமியானா அது. இதையெல்லாம் நம் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவருடன் பார்ப்பதற்காகத்தானே பணம் கட்டினோம்!

இரு இடங்களுக்கும் தனித்தனியாக நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தால் ஆகும் தொகையைவிட ஏறக்குறையப் பாதி கூடுதலாகக் கொடுத்தோம். வரிசையில் காத்திருக்கத் தேவையில்லாமல் போனதும் காலை நேர விளக்கமும் அந்தக் கூடுதல் தொகைக்கு ஓரளவு ஈடு. முழு ஈடு என்று சொல்லமாட்டேன். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம், ஏனெனில் நாள் முழுதும் நடையும் நிற்பதும்தான். அரண்மனையில் எங்களுக்குக் கழிப்பறை வாய்த்தது வெளியேறும் வழியிலுள்ள தோட்டத்தில்தான் என்பதையும் வயதானவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த வாரம் நான் தனியே சீட்டு வாங்கி அபேக்குத் திரும்பச் சென்றேன். கோயில் ஊழியர்களே அழைத்துச் செல்லும் சுற்றுக்குச் சிறு தொகை கூடுதலாகக் கட்டினால், பொதுப் பார்வைக்கு இல்லாத எட்வர்ட் மன்னரின் கல்லறைச் சன்னிதிக்குள்ளும் விடுகிறார்கள். அது முடிந்ததும் லாரன்ஸின் சின்னத்தின் முன் அரைமணி நேரம் நின்றேன். பிறகு வடபுறக் கிளைக்கூடத்தில், 1760இல் வந்தவாசிப் போரை வென்ற பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டின் சின்னத்தையும் கண்டுபிடித்தேன். அங்கே சிறைபட்ட ஒரு மனிதன் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறான். அன்று என்னை யாரும் வாசலுக்கு அழைக்கவில்லை.