விதை இலந்தையா, ஒட்டு இலந்தையா, ஆப்பிள் இலந்தையா?

தை பிறந்துவிட்டால் காங்கேயம் பக்கத்துச் சந்தைகளில் இரண்டு இலந்தைகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒரு கூடையில் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிவந்து சுருங்கிய நாட்டுப் பழம். படியில் அளந்து போடுவார்கள். பக்கத்திலேயே பச்சைப் பசேல் என்று, கைக்கு ஒன்றாக, ஆப்பிள் இலந்தை. அது தராசில் ஏறும். இவை இரண்டுக்கும் நடுவில், பொன் மஞ்சளில் முட்டை வடிவத்தில் ஒட்டு இலந்தையும் சில வருசம் வந்து போகும். மூன்றும் ஒரே இனம்தான். ஆனால் வீட்டில் ஒரு மரம் வைக்க நினைப்பவருக்கு மூன்றும் மூன்று விதமான வாழ்க்கை. மூன்றையும் எங்கள் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறேன். எது யாருக்குப் பொருந்தும் என்று கண்டதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் நான்காவதாக ஒன்றை ஒதுக்கிவிடலாம். கடைகளில் 'ரெட் டேட்ஸ்' என்று உலர்ந்த பழமாக விற்பார்களே, அது சீன இலந்தை. பேரீச்சைக்கும் அதற்கும் உறவில்லை. நம் இலந்தையின் பங்காளி, ஆனால் வேறு இனம். பனிக்காலத்தில் இலை முழுவதும் கொட்டி ஓய்வெடுத்துப் பழகிய குளிர்நாட்டு மரம். நம் இலந்தை அப்படியே தலைகீழ்: கோடையில் இலை உதிர்த்து, மழை கண்டதும் துளிர்த்து, பனிக்காலத்தில் காய்க்கும். ஈரோட்டு வெயிலில் சீனத்து நாற்றை வாங்கி வைத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, நாட்டு இலந்தை. கொங்கு நாட்டில் இதை யாரும் நட்டு வளர்த்ததாகச் சொல்ல மாட்டார்கள். கொறங்காட்டில், அதாவது ஆடுமாடு மேயும் மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலி ஓரமாக, வெள்வேல மரத்துக்குத் துணையாக, ஆடு துப்பிய கொட்டையிலிருந்து தானாக வந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கமெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் மானாவாரி. அந்த மழையும் பொய்த்த வருசங்களில்கூட வாடாமல் நிற்கும் சில மரங்களில் இலந்தை ஒன்று. ஆணிவேர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறது. தழையை ஆடு விரும்பித் தின்னும். கழித்த முள்ளை வேலிக்குப் போடலாம். பவானி கூடுதுறைச் சங்கமேசுவரர் கோயிலுக்குத் தலமரமே இலந்தைதான். இந்த மண்ணில் அது எவ்வளவு பழைய குடி என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்!

பழத்தின் ருசியிலும் நாட்டு இலந்தைக்கு நிகர் இல்லை என்றே சொல்வேன். புளிப்பும் இனிப்பும் ஒன்றாக ஏறி, நன்கு பழுத்தால் மாவாகக் கரைந்து, மூக்குவரை ஒரு வாசம் வரும். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) மாசி வெயிலில் அதைக் கொட்டையோடு உரலில் போட்டு, வரமிளகாய், உப்பு, வெல்லம், துளி பெருங்காயம் சேர்த்து இடித்து, தட்டித் தட்டி முறத்தில் காயவைப்பார். இலந்தவடை. அந்த வடையை வேறு எந்த இலந்தையிலும் செய்ய முடியாது. ஆப்பிள் இலந்தையை ஒரு முறை இடித்துப் பார்த்தோம். தண்ணீர் விட்டுக்கொண்டது, புளிப்பே இல்லை.

ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று முள். ஒவ்வொரு இலைக் காம்படியிலும் பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று நேராக, ஒன்று கொக்கி போல வளைந்து. நேர் முள் குத்தும், வளைந்தது பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் வாசலில் இதை வைக்கக் கூடாது. இன்னொன்று, விதையை நம்ப முடியாது. கிணற்றோரம் இருந்த அருமையான மரத்துக் கொட்டையைத் தேடிப்பிடித்து ஊன்றினேன். ஐந்தாம் வருசம் காய்த்தது. ஒரே துவர்ப்பு, கொட்டைமேல் தோல் போர்த்தியது போலச் சதை. தாய் மரத்தின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதற்கு உறுதி கிடையாது. அந்தத் துவர்ப்பு மரத்தின் கதை இன்னும் முடியவில்லை, அப்புறம் வருகிறேன்.

ஒட்டு இலந்தையில் உம்ரான், கோலா, பனாரசி, கைத்லி என்று பல ரகங்கள் உண்டு. எல்லாமே வட நாட்டில் தேர்ந்தெடுத்தவை. கோலா உருண்டையாக, சாறோடு, முன்னாலேயே பழுத்துவிடும். உம்ரான் கடைசியாக வரும். பொன் மஞ்சளாகி, விட்டால் சாக்லேட் நிறத்துக்குப் போகும். எங்கள் நாவுக்கு உம்ரான்தான் பிடித்தது. கடித்தால் சதை கெட்டியாக, இனிப்பில் லேசான புளிப்பு ஒட்டியிருக்கும். இரண்டாம், மூன்றாம் வருசமே காய்க்கத் தொடங்கும், தாய் மரத்துப் பழம் அப்படியே வரும் என்பவை பெரிய லாபம். முள் இருக்கும், நாட்டு மரத்தளவு இருக்காது.

இதில் ஏமாந்த கதையும் உண்டு. ஒரு நர்சரியில் உம்ரான் என்று சொல்லி விற்ற நாற்றை வாங்கி வைத்தேன். நன்றாகத் தழைத்தது. மூன்று வருசம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். காய்த்தது பட்டாணி அளவில் புளிப்புக்காய். அடியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒட்டுக் கட்டிய கண் (இலைக் கணுவில் இருக்கும் மொட்டு) எப்போதோ காய்ந்து, கட்டைவிரல் நகம் போலக் கருத்து ஒட்டிக்கிடந்தது. அதற்குக் கீழே, வேர் கொடுக்கும் அடிச்செடியிலிருந்து கிளம்பிய துளிர்தான் மரமாக நின்றது. வாங்கும்போதே அது காய்ந்திருந்ததா, நான் கவனிக்காமல் விட்டேனா என்று இப்போது சொல்ல முடியாது. விற்றவர் ஒட்டைக் காட்டித் தந்திருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். ஆகவே நாற்று வாங்கும்போது ஒட்டு முடிச்சைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு மேலே கிளம்பிய தண்டில் இலை இருக்கிறதா என்று பாருங்கள். நட்ட பிறகு, முடிச்சுக்குக் கீழே வரும் துளிரை விரலால் தேய்த்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் அடிச்செடி ஒட்டை விழுங்கிவிடும்.

ஆப்பிள் இலந்தை தாய்லாந்திலிருந்து வந்தது. நட்ட முதல் வருசமே காய் பார்க்கலாம், முள் மிகக் குறைவு, பழம் குழந்தை கைக்குப் பெரிது. ஐந்து சென்ட் மனையில் வீடு போக மிஞ்சிய மூலையில் ஒரு மரம் வேண்டும், அடுத்த தை மாதமே பேரப்பிள்ளைக்குப் பறித்துத் தர வேண்டும் என்றால் இதைத் தயங்காமல் வைக்கலாம். பச்சை மாறி லேசாக வெளிர் மஞ்சள் ஓடும் சமயம் பறித்தால் மொறுமொறுவென்று இனிக்கும். நான்கு நாள் தாமதித்தால் பஞ்சாகிவிடும். அதன் பிறகு தின்னப் பிடிக்காது. வாசம் என்று ஒன்றும் இல்லை.

வேலை வாங்குவதிலும் ஆப்பிள் இலந்தைதான் முதல். தண்ணீர் தவறாமல் வேண்டும். காய்ப் பாரத்தில் கிளை முறிந்து தொங்கும். மூங்கில் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். காய்ப்பு முடிந்ததும் வருசா வருசம் இடுப்புயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்ட மனசு வராதவர்களிடம் இந்த மரம் நிற்காது. கவாத்து ஒட்டு இலந்தைக்கும் உண்டு. இலந்தை எப்போதும் அந்த வருசத்துப் புதுத்துளிரில்தான், இலைக் கணுவில் பூக்கும். பங்குனி, சித்திரையில் போன வருசக் குச்சிகளைப் பாதியாக வெட்டினால் மழைக்குப் புதுக்குச்சி கிளம்பி நிறையப் பூக்கும். வெட்டாமல் விட்டால் மரம் உயரே போகும், காய் சிறுத்துக்கொண்டே வரும். நாட்டு மரத்தை மட்டும் சும்மா விடலாம். வெட்டினால் நன்றாக இருக்கும், வெட்டாவிட்டாலும் கோபிக்காது.

ஆக, தண்ணீரும் ஆளும் இருக்கும் வீட்டுக்கு ஆப்பிள். காத்திருக்கவும் வெட்டவும் தெரிந்தவருக்கு ஒட்டு. வாரம் ஒருமுறை மட்டும் தோட்டத்துக்குப் போய் வருபவருக்கு நாட்டு மரம். இப்படித்தான் நானும் பல வருசம் சொல்லி வந்தேன். என் எண்ணத்தை மாற்றியது அந்தத் துவர்ப்பு மரம்.

அதை வெட்டி எறியக் கொடுவாளோடு நின்றபோது, ஒட்டுக் கட்டத் தெரிந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். "ஏங் கண்ணு, வேரு நல்லா ஓடிருச்சு. இத எறிஞ்சுட்டு வேற நாத்து வெச்சீன்னா இன்னும் மூணு வருசமாகும். தலைய மட்டும் மாத்திக்கலாம் உடு" என்றார்.

"இவ்வளவு பெரிய மரத்துல ஆகுமுங்களா மாமா?"

"கொட்டைக்கு வந்த வேரு கண்ணு. நாத்துப் பையில சுருண்ட வேரு அல்ல இது."

பங்குனியில் முழங்கால் உயரத்தில் மரத்தை அறுத்துவிட்டோம். சித்திரை மழைக்கு அடிக்கட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர் கிளம்பியது. நல்லதாக நான்கை விட்டு மற்றதைக் கழித்தோம். ஆடியில் அவை பென்சில் பருமன் வந்திருந்தன. உம்ரான் மரத்துக் குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். துளிரின் பட்டையில் கட்டைவிரல் நகம் அளவு சதுரமாகக் கீறி, கத்தி முனையால் நெம்பினார். உள்ளே வெள்ளையாக, நனைந்த தோல் போல வழுக்கிக்கொண்டு பட்டை கழன்றது. உம்ரான் குச்சியிலிருந்து அதே அளவுக்குக் கண்ணோடு ஒரு பட்டை. அதை அந்தக் குழியில் பொருத்தி, பாலிதீன் நாடாவால் கண் மட்டும் வெளியே தெரிகிறாற் போல இழுத்துக் கட்டினார். ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டை இப்படி வழுக்கிக் கழலும் காலத்தில்தான் ஒட்டு பிடிக்கும், காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்போது கை வைக்கக் கூடாது என்றார். நான்கில் மூன்று பிடித்தன. அடுத்த வருசத்துக்கு அடுத்த தையில் உம்ரான் பழம் தின்றோம். மூன்று வருசம் தண்ணீர் ஊற்றிய அந்த நர்சரி மரத்தைவிட இதற்கு நான் ஊற்றியது மிகக் கொஞ்சம்.

அன்றிலிருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேரையும் பழத்தையும் ஒரே கடையில் வாங்க வேண்டியதில்லை. இடம் இருந்து, இரண்டு மூன்று வருசம் பொறுக்க முடிந்தால், மரம் நிற்க வேண்டிய குழியிலேயே நாட்டுக் கொட்டையைப் போடுங்கள். கொட்டைகளை உப்புக் கரைசலில் போட்டு மூழ்குபவற்றை மட்டும் எடுங்கள். ஓட்டைச் சுத்தியால் பதமாகத் தட்டி உள்பருப்பை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்திலேயே முளைக்கும். ஓட்டோடு போட்டால் ஒரு மாதம் வரைகூடக் காத்திருக்க வேண்டும். ஒரு குழிக்கு மூன்று பருப்பு, பிறகு நல்லதை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடலாம். ஆடு வாய் வைக்காமல் சுற்றி முள் கட்டுங்கள். செடி பென்சில் பருமன் வந்ததும் உங்களுக்குப் பிடித்த ரகத்தின் கண்ணை ஏற்றிவிடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து நாலைந்து மீட்டராவது தள்ளி, பொடக்காணிப் (கொல்லைப்புறம்) பக்கமோ வேலியோரமோ இடம் பாருங்கள். தோப்பாக வைப்பவர்கள் மரத்துக்கு மரம் 8 மீட்டர் விடுவார்கள், அவ்வளவு படரும். ஆவணி, புரட்டாசியில் பூக்கும்போது வாசம் அவ்வளவு நன்றாக இருக்காது, ஈ மொய்க்கும். அதனால் படுக்கையறை ஜன்னலோரம் வேண்டாம். அந்த ஈக்களும் தேனீக்களும்தான் காய்க்க வைக்கின்றன, விரட்ட மருந்து அடித்துவிடாதீர்கள்.

இன்னொரு விசயம், நகரத்து வீடுகளில் ஒற்றை ஒட்டு மரம் வைத்தவர்கள் அடிக்கடி கேட்பது: "பூ கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, காயே பிடிக்கலை." பல ஒட்டு ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. தோட்டங்காட்டில் நான்கு பக்கமும் நாட்டு இலந்தை இருப்பதால் நமக்கு இது தெரிவதில்லை. திருப்பூர் நடுவில் ஒரு வீட்டுக்கு அந்தத் துணை கிடையாது. அங்கே வேறு ரகம் ஒன்றைத் துணைக்கு வைக்கலாம். இல்லையென்றால் அதே மரத்தில் ஒரு கிளையை மாற்றாமல் நாட்டுக் கிளையாகவே விடலாம்.

பழ ஈ மூன்றுக்கும் பொது. காயில் ஊசி முனைபோல ஒரு புள்ளி தெரியும். பிளந்தால் கொட்டையைச் சுற்றிக் கருத்த கழிவு, நடுவில் வெளிறிய புழு. விழுந்த காய்களை அன்றன்றே பொறுக்கி அழிப்பதும், கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிடுவதும்தான் வீட்டுக்கு ஏற்ற வழி. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பது வெயிலில் காயும், மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும். மார்கழிப் பனியில் பிஞ்சு மேல் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய்; நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளித்தால் அடங்கும். மழை நின்ற பிறகு, காய் பருக்கும்போது பதினைந்து நாளைக்கு ஒரு தண்ணீர் விட்டால் போதும், பழம் திரட்சியாக வரும்.

பிடிக்காமல் போன நான்காவது துளிரைப் பெரியவர் வெட்டவேண்டாம் என்றார். அது இன்றும் அந்த மரத்தில் ஒரு பக்கமாக, முள்ளும் துவர்ப்புமாக நிற்கிறது. பச்சையாகத் தின்ன முடியாத அந்தப் பழம், வெல்லத்தோடு இடித்தால் துவர்ப்பு அடங்கிவிடுகிறது. போன மாசியில் அந்த ஒரு கிளையிலிருந்து ஒன்றரைப் படி கிடைத்தது. அமுச்சியின் உரலில்தான் இடித்தோம்.